காரணம் எழுதும் கட்டம்

பிப்ரவரி 5

இல்லை, திறந்து படிக்கவில்லை. படிக்காமலே தெரியும். அனுப்பியவர், பெறுபவர், தலைப்பு, மதிப்பெண். நான்கும் பட்டியலிலேயே இருக்கின்றன. பட்டியலைப் பார்ப்பது என் வேலை.

மூன்று வருடமாகக் கல்லூரியின் மெயில் சர்வர் என் பொறுப்பு. காலையில் வந்ததும் ஏசிக்குக் கீழே வைத்திருக்கும் வாளியை எடுத்துத் தண்ணீரை வெளியே கொட்டுவேன். அடுத்தது குவாரண்டைன். சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். ஆறைத் தாண்டினால் ஸ்பேம் என்று முடிவுகட்டி அங்கே ஒதுக்கிவிடும். பதினான்கு நாள் வைத்திருக்கும். யாரும் கேட்காவிட்டால் தானே அழித்துவிடும். நாங்கள் படித்த படிப்புக்கு நேர்மாறு. இங்கே அதிகம் வாங்கினால் தோல்வி.

மலர் 7.2 வாங்கியிருக்கிறாள்.

அனுப்பியது பின்லாந்தில், மொழிபெயர்ப்பாளர்களை ஆறு மாதம் தங்கி வேலை செய்ய அழைக்கும் ஓர் இல்லம். பெறுபவர் ஜெபமலர், ஆங்கிலத் துறை. வந்தது மூன்றாம் தேதி காலை 11.40. அழியப்போவது பதினேழாம் தேதி காலை 11.40.

தலைப்பு ‘வாழ்த்துகள்’. நல்ல தலைப்பு.

பட்டியலில் ஒரு சொடுக்கு போதும், அவளுக்குப் போய்விடும். ஆனால் அது தீர்வு அல்ல. ஏன் மாட்டியது என்று தெரியாமல் விட்டால் நாளைக்கு இன்னொன்று மாட்டும். முதலில் காரணம்.

பிப்ரவரி 6

யுபிஎஸ் பேட்டரி மாற்றினார்கள். பிரின்சிபால் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். இந்த மாதத்தில் இரண்டாவது முறை. இன்றைக்கு ஆறாம் தேதிதான் ஆகிறது.

மதியம் மலர் வந்தாள். என் மேசை மேலேயே டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

“ஏளா கோமு, பின்லாந்துக்காரன் ஒனக்கு எதுவும் போட்டானா?”

“இல்ல.”

“எனக்கும் இல்ல. மொத வாரத்துல சொல்லுதோம்னுதான போட்டிருந்தான்.”

“வரும்.”

“ஒன் சர்வர் முழுங்கியிருக்கும். பிரின்சிபாலுக்கு அவரு சம்பந்தி போட்ட மெயிலையே முழுங்குனதுதான அது.”

“பாக்கேன்.”

அடுத்த மேசையிலிருந்து சுடலைமுத்து சார் தலையைத் தூக்கினார். கணினி மையத்தின் தலைவர். “மெயில் கொறைன்னா நோட்டுல எழுதணும்மா. வாயால சொன்னா செல்லாது.”

நோட்டு என்பது புகார்ப் பதிவேடு. மெயில் வரவில்லை என்பதை மெயிலில் சொல்ல முடியாது என்று சார் கண்டுபிடித்த வருடம் வாங்கியது. நீளமானது, சிவப்பு அட்டை. தேதி, பெயர், குறை, காரணம், தீர்ந்த நாள். கடைசிக் கட்டத்தில் புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை புகார் முடியாது.

மலர் என் பேனாவை வாங்கி எழுதினாள்: வர வேண்டிய மெயில் ஒன்று வரவில்லை.

“எந்த மெயில்னு எழுதும்மா.”

“வந்தாத்தான சார் தெரியும்.”

சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார். மலர் என் மீன் துண்டில் பாதியை எடுத்துக்கொண்டு போனாள். பேனாவையும். எம்.ஏ. முதல் வருடத்திலிருந்து அவள் கொண்டுபோன என் பேனாக்களைச் சேர்த்தால் ஒரு கடை வைக்கலாம்.

பிப்ரவரி 7

“இல்ல” என்று சொன்னேன். எழுதி வைக்கிறேன்: எனக்கும் ஒன்று வந்தது. மூன்றாம் தேதி, 11.38. குவாரண்டைனுக்குப் போகவில்லை. நேராக இன்பாக்ஸ். நான்கு வரி. அதில் எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் பிழை தேடுவதற்கு உதவுகிறது. ஒரே சர்வர், இரண்டு நிமிட இடைவெளி, இரண்டு மெயில். ஒன்று உள்ளே. ஒன்று வெளியே. ஒப்பிட இதைவிட வசதியாக எதுவும் அமையாது.

என்னுடையது 4.2. அவர்கள் புதிய சர்வருக்கு மாறியிருக்கிறார்கள். எந்தெந்த சர்வர் தங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கும் பதிவில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதனால் அங்கிருந்து எது வந்தாலும் 4.2 விழும். ஆறுக்குக் கீழே என்பதால் உள்ளே வந்துவிடும்.

மலருக்கு அதற்கு மேல் சரியாக மூன்று. அந்த மூன்றைப் போட்டது எது என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 8

விதி எண் 41. எழுதியது நான்.

பிப்ரவரி 9

ஞாயிறு. முருங்கைக்கீரை ஆய்ந்தேன். அம்மா கேட்டாள், “மலருக்கு ஏதும் தாக்கல் வந்துச்சாட்டி?” நானும் விண்ணப்பித்திருந்தேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். கேட்கும்போது மலர் பெயர்தான் முதலில் வருகிறது. என்னைக் கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைப்பதும் ஒரு பதில்தான்.

விதி 41. டிசம்பரில் பேராசிரியர்கள் எல்லோருக்கும் போலி அழைப்புகள் வந்து குவிந்தன. மாண்புமிகு பேராசிரியரே, நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், விருது, பொன்னாடை. வேதியியல் துறைத் தலைவர் இல்லாத ஒரு கருத்தரங்குக்குக் கொச்சி வரைக்கும் போய், அந்த முகவரியில் இருந்த டயர் கடையில் வழி கேட்டுத் திரும்பி வந்தார். பொன்னாடைக்கு மேட்சாக வேட்டிகூட எடுத்திருந்தார் என்று சார் சொன்னார்.

நான் ஒரு விதி எழுதினேன். வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலில் ‘வாழ்த்துகள்’, ‘தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்’, ‘மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் மூன்று மதிப்பெண். ஒரே வாரத்தில் குப்பை நின்றது. ஆசிரியர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். மலர்தான் முதலில் தட்டினாள், எழுந்து நின்று.

எழுதும்போது நான் யோசித்தது நினைவிருக்கிறது. உண்மையான ஆளுக்கு உண்மையான வாழ்த்து வந்தால் என்ன ஆகும்? பாளையங்கோட்டையில் இந்தக் கல்லூரியில் யாருக்கு வரப்போகிறது?

அப்போது எங்கள் இரண்டு விண்ணப்பங்களும் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

‘வருந்துகிறோம்’ என்ற சொல்லுக்கு நான் மதிப்பெண் எதுவும் வைக்கவில்லை. அது தங்கு தடையில்லாமல் வந்தது.

பிப்ரவரி 10

பிரின்சிபால். பாஸ்வேர்டு.

பிப்ரவரி 11

விதியை மாற்றினால் போதுமா என்று சோதிக்க வேண்டும். சோதனை மெயிலில் ‘வாழ்த்துகள்’ என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பினால் முடிவு சரியாக வராது. உண்மையான கடிதத்தின் நீளம், நடை, சொற்கள் வேண்டும். அதனால் இன்றைக்கு மலரின் கடிதத்தைத் திறந்தேன். சோதனைக்காக.

முழுவதையும் நகலெடுத்தேன். அதே 4.2 விழும்படி, பதிவில் சேராத ஒரு வெளிநாட்டு சர்வர் வழியாக எனக்கே அனுப்பினேன். பெறுபவர் வேறு என்பதால் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. ‘அன்புள்ள ஜெபமலர்’ என்ற இடத்தில் ‘அன்புள்ள கோமதி’.

விதி 41இன் மதிப்பெண்ணை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்ததும் வந்தது. அன்புள்ள கோமதி, மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். ஏரிக்கரையில் ஓர் அறை, ஒரு மேசை, ஆறு மாதம். பதினெட்டாம் தேதிக்குள் சம்மதம் தெரிவிக்கவும். தெரிவிக்காவிட்டால் அடுத்தவருக்குத் தரப்படும்.

சோதனை வெற்றி. நான்கு முறை அனுப்பினேன். உறுதிசெய்ய.

பிறகு விதியை மறுபடி மூன்றுக்கே கொண்டுபோய் வைத்தேன். சாரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது.

மூன்றாவது பத்தியில் தேர்வுக்குழு அவளுடைய மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே மற்ற பக்கங்களைத் திரும்பப் படித்தார்களாம். ‘வெக்கை’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் அவள் எழுதியது: சூரியன் போன பிறகும் சுவர் விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் சூடு.

அதை அவளுக்குச் சொன்னது நான். ஆகஸ்டில், ஐந்தாம் நம்பர் பஸ்ஸில், நின்றுகொண்டு. “வெக்கைக்கு என்ன போட?” என்று கேட்டாள். சொன்னேன். டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக்கொண்டாள். என் பேனாவில்.

என் பக்கங்களில் அப்படி ஒரு வரி இல்லை. எனக்காக யோசிக்கும்போது எனக்கு அப்படி வருவதில்லை. அதற்கும் யாராவது காரணம் கண்டுபிடித்தால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 12

“எம்மா கோமதி, அந்தப் பிள்ள எழுதி ஆறு நாளாச்சி. காரணக் கட்டம் காலியாக் கெடக்கு.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன் சார். அனுப்புனவங்க பக்கத்துல ஒரு பிரச்சின இருக்கு.”

“அப்ப அத எழுதிர வேண்டியதுதான?”

“முழுசாத் தெரியல சார்.”

“முழுசா என்னைக்குத் தெரிஞ்சிருக்கு நமக்கு,” என்றார் சார். கையிலிருந்த வடையைப் பிட்டார்.

பிப்ரவரி 13

மலர் வருவதை ஜன்னலில் பார்த்தேன். வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். வாளியில் தண்ணீர் இல்லை.

பிப்ரவரி 14

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டாள்.

“என்னட்டி, என்னயக் கண்டா ஓடுத?”

“வேல இருந்துச்சு.”

“காலி வாளிய ஆட்டிக்கிட்டு ஓடுனியே, அதா வேல?”

ஐந்தாம் நம்பர் வந்தது. இருவரும் ஏறவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். “ஒனக்குக் கெடச்சிட்டு. எங்கிட்ட சொல்லச் சங்கடப்படுத. அதான?”

“கெடைக்கல.”

“பொய் சொல்லாத.”

“கெடைக்கலன்னு மெயில் வந்துச்சு மலரு. மூணாந்தேதியே வந்துச்சு.”

அவள் பக்கத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கிடாத. பத்து நாளா ஒன் மூஞ்சியத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன். கோமுக்குக் கெடச்சிட்டு, நமக்குத்தான் இல்லன்னு வயிறு எரிஞ்சி கெடந்தேன். நேத்து குடும்ப ஜெபத்துல அம்மா பக்கத்துலயே முட்டங்கால் போட்டுக்கிட்டு, ஆண்டவரே அவளுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு கேட்டுட்டேன்ளா. மனசுக்குள்ளதான். ஆனா கேட்டுட்டேன்.”

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப ஒனக்கு இல்லன்னு தெரிஞ்சதும் அழுக வருது. எப்படிப்பட்ட சண்டாளி பாத்தியா நான்.”

நான் பெஞ்சின் உடைந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கம்பி தெரிந்தது.

“ஒனக்கே இல்லன்னா எனக்கும் இல்லன்னுதான் போட்டிருப்பான். எங்கயோ வழியில கெடக்கு அது. கெடக்கட்டும். நாளைக்கு வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டுருதேன். நீயும் அதப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்காத, சாரு வேற ஒன்னய வையிதாரு.”

“சரி,” என்றேன்.

பொறாமையைக்கூட அவளுக்குச் சொல்ல வருகிறது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில், சிரித்துக்கொண்டே. எனக்கு இந்த டைரியில் பத்து நாள் ஆகியும் அந்தச் சொல் வரவில்லை. இன்றைக்குத்தான் எழுதியிருக்கிறேன், அதுவும் அவளுடையதைப் பற்றி.

பிப்ரவரி 15

காலையிலேயே வந்துவிட்டாள். “சார், நோட்டக் குடுங்க. முடிச்சிருவோம்.”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். “காரணக் கட்டம் காலியா இருக்கே.”

“பரவால்ல சார். எனக்கு வேண்டாம்.”

“ஒனக்கு வேண்டாம்மா. கட்டத்துக்கு வேணும்லா. காரணம் எழுதாம கையெழுத்து வாங்குனா, நாளைக்கு ஆடிட்டுக்கு வாரவன் எங்கிட்ட கேப்பான். கோமதி எழுதட்டும். பெறவு போடு.”

“எழுதேன்ளா, எதையாவது.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பேனா கையில்தான் இருந்தது. ‘அனுப்பியவர் பக்கப் பிழை’ என்று எழுதினால் போதும். பொய்யும் இல்லை. 4.2 அளவுக்கு உண்மை. அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள். திங்கட்கிழமை காலை 11.40க்கு மிச்சம் எல்லாம் தானாக நடந்திருக்கும்.

“திங்கக்கெழம எழுதுதேன் சார். ஒண்ணு சரிபாக்கணும்.”

மலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

வேறு ஒரு வழியும் யோசித்தேன். பின்லாந்துக்கு எழுதலாம்: உங்கள் புதிய சர்வரைப் பதிவில் சேருங்கள், எங்கள் ஆசிரியருக்கு மெயில் வரவில்லை, மறுபடி அனுப்புங்கள். மறுபடி அனுப்பினால் புதிய தேதி விழும். மூன்றாம் தேதி என்பதே இல்லாமல் போகும். எழுதியும் விட்டேன். மிகச் சுத்தமான ஆங்கிலம். அனுப்பவில்லை. சனி, ஞாயிறு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பது காரணம் என்று முதலில் எழுத வந்தது.

சரிபார்க்க வேண்டியதை மதியம் பார்த்தேன். ஒதுக்கிய மெயிலை யார் எப்போது திறந்தார்கள் என்று சர்வர் தனியே ஒரு பதிவு வைத்திருக்கும். மாதக் கடைசியில் அதுவும் அழிந்துவிடும்.

ஜெபமலர், ஆங்கிலத் துறை. திறந்தவர்: கோமதி. பிப்ரவரி 11, பிற்பகல் 2.15. அதற்கு மேலே இன்னொரு வரி. திறந்தவர்: கோமதி. பிப்ரவரி 3, காலை 11.52.

அந்த வரி அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் தேதி இந்த டைரியில் முதல் வரியை எழுதும்போதும் தெரியும். என் நான்கு வரியை 11.45க்குப் படித்தேன். அது முடிந்த கையோடு குவாரண்டைனுக்குப் போனேன். அவள் பெயரைத் தேடினேன். அவளுக்கும் இல்லை என்று பார்க்கத்தான் போனேன்.

பிப்ரவரி 16

அம்மா கேட்டாள். “மலருக்குக் கெடச்சிட்டும்மா,” என்றேன். அம்மா கீரைச் சட்டியை இறக்கி வைத்தாள். “ஒனக்கு?” என்றாள். முதல் முறை. “இல்ல.” “சரி, சாப்பிடு,” என்றாள். அகப்பையில் எப்போதும் வைப்பதைவிடக் கூட வைத்தாள்.

பிப்ரவரி 17

ஒன்பதேமுக்காலுக்கு வந்தேன். வாளி நிறைந்து வழிந்திருந்தது. இரண்டு நாள் தண்ணீர். துடைத்தேன்.

10.20க்கு மலரின் மெயிலை விட்டேன். ஒரு சொடுக்குதான்.

பதிவேட்டை எடுத்துக் காரணக் கட்டத்தில் எழுதினேன். அனுப்பியவர்களின் புதிய சர்வர் அவர்கள் பதிவில் இல்லை, 4.2. நம் விதி எண் 41, 3.0. சார் எட்டிப் பார்த்தார்.

“ஆக, நம்ம மேலயும் தப்பு இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்ப அந்த விதியத் தூக்கிரு. கொச்சிக்குப் போறவன் போகட்டும். முடிஞ்சிதுல்லா?”

“இன்னும் ஒண்ணு எழுதணும் சார்.”

“கட்டத்துல எடம் இல்லையே.”

“பொடிசா எழுதுதேன்.”

எழுதினேன். மூன்றாம் தேதி 11.52க்கு நான் இதைத் திறந்து படித்தேன். இன்றுவரை விடவில்லை. கோமதி.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மலர் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தாள். அவள் குரல் கேட்டது. போனை வகுப்பில் பார்க்க மாட்டாள். மணி அடிக்கும்வரை வராந்தாவில் நின்றேன்.

வெளியே வந்தாள். கையில் சாக்பீஸ் தூள். “நோட்ட நீயே தூக்கிட்டு வந்துட்டியா?” என்றாள். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். “மொதல்ல மெயிலப் பாரு. கெடச்சிருக்கு ஒனக்கு. நாளைக்குள்ள பதில் போடணும்.”

அவள் போனை எடுக்கவில்லை. கட்டத்தைப் படித்தாள். பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

“மூணாந்தேதியா?”

“ஆமா.”

“பஸ் ஸ்டாப்புல நான் அழுதப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

மாணவிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி “எக்ஸ்கியூஸ் மீ மேம்” என்றாள். மலர் வழிவிட்டாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் கையை நீட்டினாள்.

“பேனா.”

கொடுத்தேன். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டை என்னிடம் தந்தாள். பேனாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். எப்போதும் போலத்தான் போட்டுக்கொண்டாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கீழே வந்தேன். சாரிடம் ஒரு பேனா கடன் வாங்கித் தீர்ந்த நாளை எழுதினேன். விதி எண் 41ஐ அழித்தேன். சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினேன்.